ஓரிரு இடங்களில்

மேற்கே, கம்மாய்க்கரைக் கருவேலங்களுக்கு மேலே எழும்பி நின்றது மேகமா வெறும் புழுதியா என்று பஞ்சவர்ணத்துக்குப் பிடிபடவில்லை. நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். புழுதி என்றால் அடியில் செம்மை தட்டும், மேகம் என்றால் அடி கறுத்திருக்கும், இது இரண்டும் இல்லாமல் சாம்பலைக் கரைத்து ஊற்றியது மாதிரி நின்றது. வெயில் மட்டும் குறையவில்லை. களம் முழுக்க மிளகாய் பரந்து கிடந்தது, தெற்குப் பாதி அவளுடையது, வடக்குப் பாதி இருளாயி அக்காவுடையது, நடுவே ஒரு ஆள் நடக்கிற அளவு வெறும் தரை. குனிந்து ஒரு பழத்தை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினாள். விதை சலசலத்தது. இன்னொன்றை எடுத்தாள், அது சலசலக்கவில்லை, காம்படியில் இன்னும் மெத்தென்று இருந்தது. இன்னும் ஒரு வெயில் போதும், நல்ல வெயிலாக ஒன்றே ஒன்று. அந்த ஒரு வெயிலைத்தான் முந்தாநாள் அவள் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டாள். முந்தாநாள் இதே நேரத்துக்கு மேற்கே இடித்தது, அள்ளிக் குவித்துத் தார்ப்பாயைப் போட்டு மூடினாள், இடித்தது இடித்ததோடு சரி, மழை எங்கோ போய்விட்டது. பொழுது சாய்ந்து திறந்து பார்த்தால் உள்ளே இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி ஆவி அடித்தது, மேல் அடுக்கு அங்கங்கே வெளுத்துப்போய்க் கிடந்தது. வெளுத்த வத்தலை வியாபாரி கையில் எடுக்கக்கூட மாட்டான். புருஷன் வழிவிட்டான் அதைப் பார்த்தான். வெளுத்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு ஓரமாகப் போட்டுக்கொண்டே இருந்தான், அவள் பார்க்கிற மாதிரி போட்டுக்கொண்டே இருந்தான். அதற்கு நாலு வார்த்தை ஏசியிருக்கலாம். இன்றைக்குக் காலையில் முதல் பறிப்பு மூட்டைகளை வேனில் ஏற்றிப் பரமக்குடிக்குக் கிளம்பும்போதுதான் வாயைத் திறந்தான். "என்ன இடி இடிச்சாலும் மூடாத. என்னைக் கேட்டுட்டு மூடு." பரமக்குடியில் நின்றுகொண்டு இந்த வானத்தை இவர் எப்படிப் பார்ப்பார் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. முந்தாநாள் வெளுத்தது கேட்க விடவில்லை.

தள்ளுபலகையை எடுத்து மிளகாயை ஒரு புரட்டுப் புரட்டினாள். நெடி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. சேலைக்கு மேல் போட்டிருந்த புருஷனின் பழைய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இந்த வேர்வை மழைக்கு முந்தின வேர்வையா, பங்குனிக்கே உள்ள வேர்வையா? அப்பா இருக்கும்போது சொல்லுவார், உடம்பு பிசுபிசுத்துத் தட்டான் தரையோடு பறந்தால் பொழுதுக்குள் மழை என்று. நேற்று முழுக்கத் தட்டான் தரையோடு பறந்தது, ஒரு பொட்டு விழவில்லை. மாசியில் ஒரு நாள் தட்டானும் இல்லை, எறும்பும் முட்டையைத் தூக்கவில்லை, கொட்டித் தீர்த்துவிட்டது. தட்டானுக்கே தெரியவில்லை, பாவம், அது யாரைப் போய்க் கேட்கும். அவளுக்காவது போனில் ஒரு பொம்பளை சொல்லுகிறாள். வேளாண்மை ஆபீசில் நம்பரைப் பதிந்துவிட்டு வந்ததிலிருந்து காலையில் அழைப்பு வரும், படித்த குரல், கொஞ்சம்கூடப் பதறாத குரல், இடியுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை ஓரிரு இடங்களில் பெய்யக்கூடும். முந்தாநாளும் அதைத்தான் சொன்னாள், நேற்றும் அதைத்தான் சொன்னாள், இன்றும் அதையேதான் சொன்னாள். அந்த ஓரிரு இடம் எது? மாவட்டம் எவ்வளவு பெரியது, சாயல்குடி இருக்கிறது, திருவாடானை இருக்கிறது, கடல் வேறு கிடக்கிறது. அவ்வளவு இடத்தில் ஓரிரு இடம் என்றால் இந்தக் களம் அதில் சேருமா சேராதா, களத்தில் தெற்குப் பாதி சேர்ந்து வடக்குப் பாதி விட்டுப்போகுமா? அப்படியும் நடந்திருக்கிறது. போன வருஷம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மழை, இந்தப் பக்கம் வெயில், சைக்கிளில் வந்தவன் பாதி நனைந்து வந்தான். சொல்லுகிறவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவளுக்குத் தெரிந்ததை அவள் சொல்லுகிறாள். மூடு என்றோ மூடாதே என்றோ அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

பங்குனியில் மிளகாய் காய்கிறதே தப்பு, தையில் பறித்து மாசிக்குள் காய வைத்து மூட்டை கட்டியிருக்க வேண்டிய மிளகாய் இது. புரட்டாசியில் விதைத்தார்கள். முளைத்து இரண்டு இலை விட்டதும் மழை நின்றுபோனது, வெயில் ஆடி மாதிரி அடித்தது, நாற்று நின்ற நிலையில் கருகியது. வழிவிட்டான் கருகினதைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தான், எதற்கு முகர்ந்தான் என்று அவள் கேட்கவில்லை. ஐப்பசியில் மறுபடி விதைத்தார்கள், கார்த்திகையில் ஒரே ராத்திரியில் வந்த மழை விதையை மண்ணோடு வழித்துக்கொண்டு போனது. மூன்றாவது தடவை விதையை நம்பாமல் நாற்று வாங்கி நட்டார்கள். ஊரில் பாதிப் பேர் அதோடு விட்டுவிட்டுக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடப் போனார்கள். நட்டது பிழைத்தது, பண்ணைக்குட்டைத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றித்தான் பிழைத்தது. ஆனால் எல்லாம் ஒரு பருவம் தள்ளிப்போய், வறட்சியிலிருந்து தப்பினது கோடை மழை வாயில் வந்து நிற்கிறது. ஒவ்வொரு வருஷமும் போன வருஷம் எது அடித்ததோ அதற்குத் தப்பிக்கத்தான் வழி செய்கிறார்கள். காய்ந்தது, குட்டை வெட்டினார்கள். குட்டை வெட்டிய வருஷம் மழை கொட்டியது. குட்டை. அங்கே போகக் கூடாது, நினைப்பு அங்கே போகக் கூடாது என்று பலகையை அழுத்தித் தள்ளினாள், ஆனால் நினைப்பு வடக்குப் பாதியைத் தொட்டுவிட்டது, தொட்டால் பிறகு திரும்பி வராது.

இருளாயி அவளுக்கு ஓரகத்தி, வழிவிட்டானின் அண்ணன் கோட்டைச்சாமியின் பெண்டாட்டி. குட்டை வெட்டுகிற அன்றைக்கு மண் அள்ளுகிற இயந்திரம் ஓட்டியவனுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தவளே அவள்தான். மேட்டில் வெட்டினார்கள், கீழே அண்ணன் நிலம். நிறைந்தால் தண்ணீர் எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் குட்டை நிறையும் என்றே யாரும் நினைக்கவில்லை, நிறைந்த குட்டையை அந்த ஊரில் யார் பார்த்தது. அந்த மார்கழியில் விடாமல் பெய்த மழையில் குட்டை நிறைந்து, கரை ஒரு ஓரம் உடைந்து, தண்ணீர் முழுக்க இருளாயியின் செடிக்குள் இறங்கி நின்றது. பூவும் பிஞ்சுமாக நின்ற செடி வேர் அழுகிச் சாய்ந்தது. இருளாயி வரப்பில் நின்றுகொண்டு சொன்னாள். "நீ தப்பிக்க என்னை மூழ்கடிச்சிட்டியேடி." கத்திச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். அன்றைக்குப் பேச்சு நின்றது. அடுத்த மாதம் இருளாயியின் மகன் திருப்பூருக்குப் போய்விட்டான், இனி மண்ணு வேணாம் என்று. அதுவும் குட்டையால்தான் என்று ஊரில் சொன்னார்கள், இல்லை, யாரும் சொல்லவில்லை, அவளுக்கு அப்படித் தோன்றியது. குட்டை நிறைந்து வழிகிற தண்ணீரை இப்போது ஓடைப் பக்கம் திருப்பிவிட்டாயிற்று. திருப்பியதை இருளாயி பார்த்தாளா என்று தெரியாது. ஒரே களத்தில் பக்கத்துப் பக்கத்தில் காயப்போடுகிறார்கள், ஒருத்தி தும்மினால் இன்னொருத்திக்குக் கேட்கிறது, பேச்சு மட்டும் இல்லை.

இன்றைக்குக் காலையில் இருளாயி புருஷனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கோட்டைச்சாமிக்குச் சர்க்கரை, காலில் புண், கட்டு மாற்ற வேண்டும். பஸ் ஏறுவதற்கு முன் களத்துக்கு வந்து தன் மிளகாயைப் பரப்பினாள். தார்ப்பாயை மடித்து ஓரத்தில் வைத்து மேலே கல்லை வைத்தாள். பிறகு நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைதான் காலையிலிருந்து பஞ்சவர்ணத்தின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. மிளகாயைப் பார்த்தாளா, தன்னைப் பார்த்தாளா? தான் இல்லாத களத்தில் எதற்குத் தார்ப்பாயைக் கொண்டுவந்து வைக்க வேண்டும்? மழை வந்தால் தார்ப்பாய் தானாக எழுந்து விரித்துக்கொள்ளுமா? அப்படியானால் நீ மூடு என்று அர்த்தமா? வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோகும். ஒருவேளை அப்படி ஒன்றும் இல்லை, பழக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருப்பாள். தொட்டால் என் வத்தலில் ஏன் கை வைத்தாய் என்பாள். தொட்டு மூடி, மழை வராமல் உள்ளே வெந்து வெளுத்தால் அவ்வளவுதான், குட்டையில் ஒரு தரம், களத்தில் ஒரு தரம் என்று சொல்லுவாள், சொல்லக்கூட மாட்டாள், மெதுவாகப் பார்ப்பாள். தொடாமல் விட்டு மழை வந்தால்? பக்கத்திலேயே நின்றுகொண்டு தன்னுடையதை மட்டும் மூடிக்கொண்டவள் என்று ஆகும். நீ தப்பிக்க என்னை மூழ்கடிச்சிட்டியேடி. அதே வார்த்தை இரண்டாவது தரமும் பொருந்தும்.

சாம்பல் இப்போது கறுத்திருந்தது. கறுத்ததா, வெயில் இறங்கியதால் கறுத்த மாதிரி தெரிகிறதா? போனை எடுத்து வழிவிட்டானைக் கூப்பிட்டாள்.

"இங்க மேக்க இருட்டிக்கிட்டு வருதுங்க."

"இங்க வெயிலு மண்டையப் பொளக்குது. இடிச்சுச்சா?"

"இல்ல. காத்து நின்னுபோச்சு."

"காத்து நின்னா மழையா? முந்தாநாளும் நின்னுச்சு." அவனுக்குப் பின்னால் யாரோ எடை சொல்லிக்கொண்டிருந்தார்கள். "ஏ புள்ள, நீ பாத்து எதாவது செய்யி. நான் இங்கயிருந்து என்னத்தச் சொல்ல."

வைத்துவிட்டான். காலையில் என்னைக் கேட்டுட்டு மூடு என்றவன், கேட்டால் நீ பாத்து செய்யி என்கிறான். அவனும் பயந்துதான் போயிருக்கிறான். மூடு என்று அவன் சொல்லி வெளுத்தால் அது அவன் கெடுத்தது ஆகிவிடும். இரண்டு பேரும் முடிவை மாற்றி மாற்றி அடுத்தவர் மடியில் போட்டுக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது. கல்யாணம் ஆன புதிதில் இவன் வானத்தைப் பார்த்து நாளைக்கு உழலாம் என்றால் நாளைக்கு உழலாம். பஞ்சம் அப்போதும் இருந்தது, கஞ்சிக்கு இல்லாத வருஷங்கள் இருந்தன, ஆனால் பஞ்சம் பஞ்சமாகவே வந்தது, பார்த்தால் தெரிந்தது. இப்போது இவன் வானத்தைப் பார்க்கிறதையே விட்டுவிட்டான். சாப்பிடும்போது கதவுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறான்.

காற்று நின்ற இடத்தில் திடீரென்று ஒரு குளிர்ச்சி வந்து கணுக்காலைத் தொட்டது. கருவேல இலைகள் ஒரு பக்கமாகத் திரும்பின. இது வந்தால் நேரம் இருக்காது. பரந்து கிடக்கிறதைப் பலகையால் தள்ளிக் குவித்து, தார்ப்பாயை விரித்து, நாலு முனையிலும் கல் வைக்க ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உடம்புக்குத் தெரியும். ஒரு பாதியைத்தான் மூட முடியும், இரண்டு பாதியும் நடக்காது. எது என்று யோசித்தபடி இரண்டுக்கும் நடுவில் இருந்த வெறும் தரையில் நின்றாள், காலை எந்தப் பக்கம் எடுத்து வைத்தாலும் தப்பு என்பதுபோல நின்றாள். பிறகு கை தானாகப் போனில் அக்கா என்று இருந்த பெயரைத் தேடியது. அழிக்காமல்தான் வைத்திருந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள், எடுக்காவிட்டால் நல்லதுதான், கூப்பிட்டேன் எடுக்கவில்லை என்று ஆகிவிடும். எடுத்துவிட்டாள். அந்தப் பக்கம் டோக்கன் நம்பரைக் கூப்பிடுகிற நர்சின் குரல் மட்டும் கேட்டது.

"அக்கா, நான்தான். இங்க இருட்டுது. உங்க வத்தல மூடவா, வேணாமா?"

மூச்சு கேட்டது.

"உன்னுத மூடிட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"தெரியலக்கா. முந்தாநா மூடித்தான் வெளுத்துப்போச்சு."

மறுபடியும் நர்சின் குரல். பிறகு இருளாயி சொன்னாள், யாரோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் சொல்லுவது மாதிரி சொன்னாள். "மூடு. வெளுத்தா வெளுத்துட்டுப் போகுது. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மூடு. அந்த ஒரு சொல் கேட்டதும் கால்கள் வடக்குப் பக்கம் ஓடின. ஏன் வடக்கு என்று பலகையைத் தள்ளத் தொடங்கிய பிறகுதான் நினைத்தாள். வடக்குப் பாதிக்கு உத்தரவு வந்துவிட்டது, தெற்குப் பாதிக்கு யாரும் உத்தரவு தரவில்லை, அதனால்தானா? அல்லது தன்னுடையது போனால் தாங்கிக்கொள்ளலாம், அந்தப் பார்வையை இன்னொரு தரம் தாங்க முடியாது என்றா? இதைப் புண்ணியம் என்று யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது, அவளே நினைத்துக்கொள்ளக் கூடாது. இது வெறும் பயம். பயத்துக்கு இவ்வளவு வேகம் இருக்கிறதா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மிளகாய் பலகைக்கு முன்னால் உருண்டு உருண்டு குவிந்தது, இருளாயியின் மிளகாய் அவளுடையதைவிடக் காய்ந்திருந்தது, சரசரவென்று சத்தம் போட்டது. மேற்கே முதல் இடி விழுந்தது. தார்ப்பாயை உதறி விரித்தாள், காற்று அதற்குள் புகுந்து ஊதியது, ஒரு முனையில் கல்லை வைத்தால் மறுமுனை எழும்பியது. இழுத்துப் பிடித்து நாலு பக்கமும் கல் வைத்து நிமிர்ந்தபோது முதல் துளி அவள் புறங்கையில் விழுந்தது. பெரிய துளி, சூடான துளி.

தெற்குப் பாதிக்கு ஓடினாள். பலகையை எடுத்துத் தள்ளினாள், இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே, எந்த ஓரத்தில் தொடங்குவது என்று கைக்குத் தெரியவில்லை. துளி விழுந்த இடத்தில் மிளகாய் கறுப்பாக மின்னியது. பாதி குவிந்திருக்கும்போதே மழை வரிசையாகக் கம்மாயைத் தாண்டி வருகிற சத்தம் கேட்டது, லாரி வருகிற மாதிரி. மீதி பரந்தே கிடக்கட்டும் என்று தார்ப்பாயைக் குவியலின் மேல் வீசினாள், காற்று பிடுங்கியது, கல்லை எடுக்கப் போனால் தார்ப்பாய் போய்விடும், வேறு வழியில்லாமல் அதன் மேலேயே குப்புற விழுந்து கையையும் காலையும் விரித்துக்கொண்டாள். மழை முதுகில் அறைந்தது. கீழே மிளகாயின் சூடு வயிற்றில் ஏறியது, பகல் முழுக்கக் குடித்த வெயிலை அது இன்னும் விடவில்லை. முகம் தார்ப்பாயில் அழுந்திக் கிடக்க, கண்ணோரம் வழியே பரந்து கிடந்த மீதி மிளகாய் நனைவதைப் பார்த்தாள். நீரில் சிவப்பு எவ்வளவு அழகாக இருக்கிறது என்று ஒரு நினைப்பு வந்தது, அந்த நினைப்பு வந்ததற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது. மூன்று தடவை மண்ணில் போட்டது. குடம் குடமாக ஊற்றியது. இடுப்பு இன்னும் வலிக்கிறது. தண்ணீர் வேண்டும் என்று கிடந்தபோது வராதது, வேண்டாம் என்று படுத்துக் கிடக்கிறவள் முதுகில் பெய்கிறது. அழுகிறோமா என்று பார்த்தாள், மழையில் தெரியவில்லை, மிளகாய் பட்ட கண் வேறு எரிந்துகொண்டிருந்தது. அடுத்த வருஷம் என்ன செய்யலாம் என்று மனது அதற்குள் கணக்குப் போடத் தொடங்கியிருந்தது. மேட்டில் ஒரு கொட்டகை, வெயில் நுழைகிற பிளாஸ்டிக் தாள் போட்ட கூரை, கீழே காயப்போட்டால் மழை வந்தாலும் வெயில் வந்தாலும் ஒன்றுதான். அப்போது என்ன வரும்? கூரையைத் தூக்கிக்கொண்டு போகிற காற்று வரும். வரட்டும். இந்த மனதுக்கு வெட்கமே இல்லை, முதுகில் அடி விழுகிறபோதே எழுந்து நடக்கப் பார்க்கிறது.

மழை வந்த மாதிரியே நின்றது. மேகம் கடல் பக்கம் நகர்ந்தது, பின்னாலேயே வெயில் வந்து ஒன்றும் நடக்காதது போலக் களத்தில் உட்கார்ந்தது. போன் சட்டைப் பைக்குள் நனைந்தபடி அடித்தது. வழிவிட்டான்.

"மழையா? இங்க ஒரு பொட்டு இல்ல."

"ஆமாங்க. பாதி நனைஞ்சிருச்சு."

"நீ நனைஞ்சியா?" என்றான் அவன். அவள் ஆமா என்றாள். வேறு எதுவும் கேட்காமல் வந்துர்றேன் என்று வைத்துவிட்டான். வடக்குப் பாதியை முதலில் மூடியதை அவள் சொல்லவில்லை. ராத்திரி சொல்ல வேண்டியிருக்கும். என்ன சொல்லுவான் என்று தெரியவில்லை, பொறுக்கிப் பொறுக்கி ஓரமாகப் போடுவானா, ஏசுவானா?

நனைந்ததைத் தனியாக ஒதுக்கி ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பினாள். இதில் பாதிக்குப் பூஞ்சைப் புள்ளி விழும். தன் குவியலைத் திறந்தாள், உள்ளே காய்ந்தேதான் இருந்தது. பிறகு வடக்குப் பக்கம் போய்த் தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கி உள்ளே கையை விட்டாள். சூடு. ஈரம் தொடவில்லை, ஆனால் வேர்க்கத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் வெளுக்கத் தொடங்கும். திறந்துவிடலாம். மேற்கே பார்த்தாள். கருவேலங்களுக்குப் பின்னால் இன்னொரு கறுப்பு, சின்னதாக, தள்ளி நின்றது. முனையைப் பிடித்த கை மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

மினிபஸ் ரோட்டில் நின்று கிளம்பிய சத்தம் கேட்டது. கோட்டைச்சாமி புதுக் கட்டுப் போட்ட காலை ஊன்றி ஊன்றி வீட்டுப் பக்கம் நடக்க, இருளாயி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராகக் களத்துக்கு வந்தாள். நனைந்த தரையைப் பார்த்தாள். கல் வைத்து மூடிய தன் பாதியைப் பார்த்தாள். தெற்கே தனியாகப் பரந்து கிடந்த ஈர மிளகாயைப் பார்த்தாள். பஞ்சவர்ணத்தின் சட்டையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"உன்னுது நனைஞ்சிருச்சாடி?"

"பாதிதான்க்கா."

"என்னுத ஏன் மொதல்ல மூடின?"

"உங்க ஏச்சுக்குப் பயந்துதான்."

இருளாயி மூக்கால் ஒரு சத்தம் விட்டாள், சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. பையைக் கீழே வைத்தாள். "மார்கழித் தண்ணிய நான் மறக்கல."

"மறக்க வேணாங்க்கா."

இருளாயி சுற்றிக்கொண்டு எதிர்ப் பக்கம் போய்க் கல்லை உருட்டிவிட்டுத் தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்தாள். "உள்ள வேக்குதா?"

"வேக்கத் தொடங்கிருச்சு. திறந்துரலாமா?"

"இரு. அந்தக் கறுப்பு எங்கிட்டுப் போகுதுன்னு பாப்போம்."

இரண்டு பேரும் முனையைக் கையில் பிடித்தபடி மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது போகிறதா வருகிறதா என்று இருவருக்குமே தெரியவில்லை.